அல்வா மாஸ்டர்

திருநெல்வேலியில் அல்வா வாங்க இரண்டு வழி உண்டு. நெல்லையப்பர் கோயிலுக்கு எதிரே இருட்டுக்கடைக்குப் போனால் கடை திறக்கச் சாயங்காலம் ஆகும். வரிசையில் நிற்கவேண்டும், காசும் கொடுக்கவேண்டும். எங்கள் தெரு டெய்லர் மாஸ்டரிடம் இந்தத் தொல்லை எதுவும் கிடையாது. எந்நேரமும் கிடைக்கும். சூடாக, நெய் சொட்டச் சொட்ட.

ஏமாற்றுவதைச் சொல்லத் தமிழில் வார்த்தைக்கா பஞ்சம்? கடுக்காய் கொடுக்கலாம், டிமிக்கி கொடுக்கலாம், டேக்கா கொடுக்கலாம், நாமம் போடலாம். ஆனால் எல்லாம் ஒன்றாகிவிடாது. நாமம் போட்டவனைத் தேடிப்போனால் வீடு பூட்டியிருக்கும். டிமிக்கி கொடுத்தவன் நம்மைக் கண்டதும் சந்தில் திரும்பிவிடுவான். அல்வா கொடுப்பவர் எங்கும் ஓடமாட்டார். கழுத்தில் இஞ்ச் டேப்போடு மிஷின் முன்னாலேயே உட்கார்ந்திருப்பார். “வாங்க அண்ணாச்சி, உங்களத்தான் நினைச்சுக்கிட்டே இருக்கேன்” என்பார். ஸ்டூலைத் துடைத்துப் போடுவார். டீ சொல்லிவிடுவார். வாங்கிக்கொண்டு போகிறவன் சிரித்துக்கொண்டே போகவேண்டும். அப்போதுதான் அது அல்வா. 1994-இல் வந்த மணிவண்ணனின் ‘அமைதிப்படை’யில் சத்யராஜ் கொடுத்த அல்வாதான் இந்த வழக்கை ஊரெல்லாம் கொண்டுபோனது என்பார்கள். அந்த அல்வாவால் கெட்டது ஒரு பெண்ணின் வாழ்க்கை. மாஸ்டரின் அல்வாவால் தீபாவளி மட்டும்தான் கெடும்.

சாப்பிடுகிற அல்வாவுக்குச் சம்பா கோதுமையை ஊறவைத்து, ஆட்டி, பாலெடுத்து, சர்க்கரையும் நெய்யும் விட்டுக் கை ஓயக் கிண்டவேண்டும். மாஸ்டரின் சரக்குக்கும் பக்குவம் உண்டு. தீபாவளிக்கு ஒரு மாதம் இருக்கும்போது போனால், “கட்டிங் முடிஞ்சிட்டு.” இரண்டு வாரம் இருக்கும்போது, “உடம்பு தச்சாச்சு, கை ஏத்தணும், அவ்வளவுதான்.” நாலு நாள் இருக்கும்போது, “காஜா பையன் லீவு போட்டுட்டான்.” இந்தக் காஜா பையன் இல்லாத தையல்கடை தமிழ்நாட்டில் கிடையாது. அவனைக் கண்ணால் கண்டவர்களும் கிடையாது.

போன தடவை நான் கொஞ்சம் கறாராக, தைத்த சட்டையைக் காட்டச் சொன்னேன். மாஸ்டர் அசரவில்லை. குவியலுக்குள் கையைவிட்டு ஒரு சட்டையை உருவி, உதறி, தோளில் பிடித்துக் காட்டினார். நீலக் கட்டம் போட்ட சட்டை.

“மாஸ்டர், நான் கொடுத்தது சந்தன கலர், பிளெயின்.”

“லைட் வெளிச்சத்துல அப்படித் தெரியுது அண்ணாச்சி. வெயில்ல பாத்தா நம்ம துணிதான்.”

அளவு நோட்டைப் புரட்டச் சொன்னேன். என் பெயருக்குப் பக்கத்தில் சந்தன கலர் பிட்டு ஒன்று பின் அடித்து இருந்தது. மாஸ்டர் அதையும் சட்டையையும் மாறிமாறிப் பார்த்தார். “பிட்டு வெளுத்துப் போச்சு” என்றார். என் துணி, ஜவுளிக்கடைப் பையில் போட்ட முடிச்சு அவிழாமல், அவர் காலடியில் கிடந்தது. அதன்மேல்தான் சாப்பாட்டுத் தூக்கை வைத்திருந்தார்.

கோபம் வரவேண்டும் அல்லவா? வரவில்லை. “நாளைக்கு அஞ்சு மணிக்கு நானே வீட்டுக்குக் கொண்டாந்து தந்திருதேன்” என்றார். நானும் சரி என்று தலையாட்டிவிட்டு, அவர் சொன்ன டீயைக் குடித்துவிட்டு வந்தேன்.

பக்கத்துத் தெருவில் இன்னொரு டெய்லர் இருக்கிறார். நல்ல தையல். துணியைக் கொண்டுபோனால் தலையைக்கூட நிமிர்த்தாமல், “தீபாவளி கழிச்சுத்தான் முடியும்” என்பார். சொன்ன தேதியில் கொடுத்தும்விடுவார். அவருக்கு எங்கள் ஊரில் திமிர்பிடித்தவர் என்று பெயர். துணிப்பையும் கையுமாக அவர் கடை வாசல்வரை போய், அந்தப் பதிலைக் கேட்டு முகம் சுளித்து, நேரே நம் மாஸ்டரிடம் வந்து சேர்கிற கூட்டத்தை வருஷாவருஷம் பார்க்கிறேன். மாஸ்டருக்கு ஆள்மீது கெட்ட எண்ணமே கிடையாது. “முடியாது” என்ற வார்த்தை மட்டும் அவர் வாயில் வராது. நமக்கும் அதைக் கேட்கப் பிடிக்காது. வியாபாரம் அமோகமாக நடக்கிறது.

தீபாவளிக்கு முந்தின நாள் மாஸ்டரின் கடை பூட்டியிருந்தது. ஆசாமி கடைசியில் கம்பி நீட்டிவிட்டாரே என்று திகைத்து நின்றபோது, எதிரிலிருந்து வியர்த்து விறுவிறுத்து வந்தார். தையல் மிஷின் மோட்டாரைக் காயில் கட்டக் கொடுத்து பத்து நாள் ஆகிறதாம். பார்க்கப் போயிருக்கிறார்.

“கிடைச்சுதா?”

“காயில் கட்டிட்டான் அண்ணாச்சி, வார்னிஷ் காயது மட்டும்தான் பாக்கியாம்” என்றார் மாஸ்டர், பூட்டைத் திறந்தபடி. “தங்கமான பையன். டீயெல்லாம் வாங்கிக் கொடுத்தான். நாளைக்குக் கண்டிப்பா தந்திருவான்.”