காலிப் பணியிடத்துக்கு ரிப்பன்

நம் மாவட்ட மருத்துவமனைகளில் இருபத்து நான்கு மணி நேரமும் பணியில் இருப்பது ஒன்றே ஒன்றுதான். வாசலில் பதித்த கல்வெட்டு. அதற்கு லீவு கிடையாது, டிரான்ஸ்ஃபர் கிடையாது, மாற்றுப்பணி கிடையாது. திறந்து வைத்தவர் பெயர், தலைமை வகித்தவர் பெயர், முன்னிலை வகித்தவர் பெயர். உள்ளே வைத்தியம் பார்ப்பவர் பெயர் மட்டும் இல்லை. ஆளைப் போட்டால்தானே பெயர்?

இரவு இரண்டு மணி. விபத்தில் அடிபட்டவரோடு 108 வந்து நிற்கிறது. வண்டி வேகமாகத்தான் வந்தது. உள்ளே நோயாளிகளின் தீவிரத்துக்கேற்ப சிவப்பு, மஞ்சள், பச்சை என்று வண்ணம் பிரித்திருக்கிறார்கள். மூன்று நிறத்துக்கும் டாக்டர் ஒருவர். விஷம் குடித்தவரும் அவருக்கு, பாம்பு கடித்தவரும் அவருக்கு. நடுவில் ஏ.ஆர். என்னும் விபத்துப் பதிவேடு எழுத வேண்டும், போலீஸுக்குத் தகவல் சொல்ல வேண்டும். ஸ்ட்ரெச்சர் தள்ள ஆள்? அடிபட்டவரின் மச்சான். மூளை நரம்பு மருத்துவர்? 'மேலே கொண்டு போங்க.' தாலுகாவிலிருந்து மாவட்டத்துக்கு, மாவட்டத்திலிருந்து மெடிக்கல் காலேஜுக்கு. ரெஃபர் சீட்டுக்கு மட்டும் இந்த மாநிலத்தில் தட்டுப்பாடே வந்ததில்லை.

விபத்து நடந்த முதல் 48 மணி நேரச் சிகிச்சை இலவசம். 2021 டிசம்பரில் வந்த 'இன்னுயிர் காப்போம்' திட்டம். நல்ல திட்டம், கிண்டலில்லை. ஆனால் அந்த 48-ல் எத்தனை மணி நேரம் நெடுஞ்சாலையில் கழிகிறது?

டெல்லி இன்னும் கெட்டி. மருத்துவக் கல்லூரி என்றால் அவசர மருத்துவத் துறை கட்டாயம் என்று 2020-ல் சொன்னது தேசிய மருத்துவ ஆணையம். 2023-ல் கட்டாயப் பட்டியலிலிருந்து அதே துறையைத் தூக்கிவிட்டது. ஆள் பற்றாக்குறையா? துறையையே எடுத்துவிடு. தீர்ந்தது பற்றாக்குறை. மதுரை எய்ம்ஸுக்கு 2019 ஜனவரியில் அடிக்கல் நாட்டினார்கள். 2022-ல் முதல் மாணவர்கள் பாடம் படிக்கப் போனது ராமநாதபுரத்துக்கு. கல் ஓர் ஊரில், கல்லூரி வேறோர் ஊரில்.

2020 மே 3 நினைவிருக்கிறதா? கொரோனாவோடு போராடும் மருத்துவப் பணியாளர்களுக்கு நன்றி என்று விமானப்படை ஹெலிகாப்டர்கள் மருத்துவமனைகள் மீது பூத்தூவின. கொரோனா காலத்தில் தற்காலிகமாக எடுத்த செவிலியர்கள் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்டோரை 2022 டிசம்பர் 31-ஓடு வீட்டுக்குப் போகச் சொன்னார்கள். தூவியது டெல்லி, அனுப்பியது சென்னை. அதற்கும் முன், 2015-ல் தேர்வெழுதி வென்று வந்த ஒப்பந்தச் செவிலியர்களுக்கு மாதம் 7,700 ரூபாய் தொகுப்பூதியம். பணி நிரந்தரம் கேட்டுத் தெருவில் உட்கார்ந்தால் போலீஸ் வேன். வேனுக்கு டீசல் இருக்கிறது. ஹெலிகாப்டருக்கும் எரிபொருள் இருந்தது. சம்பளத்துக்குத்தான் நிதி நெருக்கடி.

காத்திருந்து காத்திருந்து நோயாளியின் உறவினர் கொதிக்கிறார். எதிரே நிற்பது யார்? மூன்று பேர் வேலையை ஒற்றையாளாகப் பார்க்கும் அந்த டாக்டர். கை ஓங்கினால், மருத்துவப் பணியாளர்களைக் காக்கும் தமிழ்நாட்டின் 2008-ஆம் ஆண்டின் 48-ஆம் எண் சட்டம் பாயும். ஜாமீன் கிடையாது. பாயட்டும், அடிப்பது குற்றம்தான். இங்கும் 48! ராசியான எண். ஆனால் பணியிடத்தை ஆண்டுக்கணக்கில் காலியாக வைத்து ஓர் உயிர் போனால் எந்தச் சட்டம், எந்தப் பிரிவு? அதை எழுதவும் ஆள் போடவில்லை போலிருக்கிறது.

அந்தச் சட்டத்தின் எச்சரிக்கைப் பலகைக்குப் பக்கத்தில் இன்னொரு பலகை மாட்டுங்கள். அனுமதித்த பணியிடம் இத்தனை, நிரப்பியது இத்தனை, இன்றிரவு டூட்டியில் இத்தனை பேர். மூன்றே வரி. இன்று இந்தக் கணக்கைத் தெரிந்துகொள்ள நாம் தகவல் உரிமைச் சட்டத்தில் மனுப் போட்டுக் காத்திருக்க வேண்டும். பலகை எழுத ஒரு டப்பா பெயின்ட் போதும். டெண்டர் வேண்டாம், ஒப்பந்ததாரர் வேண்டாம், கமிஷனுக்கு வழியில்லை.

அதனால்தான் எழுதமாட்டார்கள்.