ஜெராய் தொப்பி போட்டால்

எங்கள் தோட்டத்தில் வானிலைத் துறைக்கு இரண்டே பேர்தான். ஒருவர் பெரிய கிராணி. ஆபீஸ் முற்றத்தில் நட்டிருந்த மழைமானியைக் காலையில் எடுத்துப் பார்த்து, அங்குலக் கணக்கில் பேரேட்டில் எழுதுவார். நேற்றுப் பெய்த மழையை இன்று சொல்வது அவர் வேலை. இன்னொருவர் என் தாத்தா. நாளைக்குப் பெய்யப்போகிற மழையை இன்றே சொல்லிவிடுவார். இந்த இருவரில் சம்பளம் கிராணிக்கு மட்டும்தான்.

கெடாவில், பீடோங் பக்கத்து ரப்பர்த் தோட்டம். எழுபதுகளின் கடைசி. சாயங்காலம் லயத்து வாசலில் நின்று தாத்தா குனோங் ஜெராயைப் பார்ப்பார். 1,217 மீட்டர் உயரம். கடலோரத்தில் துணைக்கு வேறு மலை இல்லாமல் ஒற்றையாய் எழுந்து நிற்பது. 1025இல் ராஜேந்திர சோழனின் கப்பல்கள் கடாரத்துக்கு வந்தபோது மாலுமிகளின் கண்ணில் முதலில் பட்டது இந்த மலையாகத்தான் இருக்க வேண்டும். தாத்தாவுக்குச் சோழனைப் பற்றிய கவலை கிடையாது. உச்சியில் மேகம் எப்படி உட்கார்ந்திருக்கிறது என்பதே கவலை. "ஜெராய் தொப்பி போட்டிருச்சுடா. நாளைக்கு மரம் ஈரம்தான்" என்பார். பிறகு மூன்று மணிக்கே எழுந்து மேற்கே மின்னுகிறதா என்று பார்ப்பார்.

மேற்கே மின்னினால் அது சுமாத்ரா. மலாக்கா நீரிணையில் இரவில் திரளும் இடிமழை மேகங்கள் ஒரு வரிசையாகச் சேர்ந்து, தென்மேற்குக் காற்று தள்ள, விடியற்காலையில் நம் கரையேறும். ஏப்ரல் முதல் நவம்பர் வரை இதன் காலம். அது வருகிற நேரமும் பெரட்டு என்னும் ஆள்கணக்கு முடிந்து ஆட்கள் உளியோடு நிரைக்குப் போகிற நேரமும் ஒன்றாக இருந்ததுதான் எங்கள் தலையெழுத்து. பட்டை நனைந்திருந்தால் வெட்டிய பால் கோடு வழியாக இறங்காது. மரத்தின் மேலெல்லாம் வழிந்தோடிவிடும். வெட்டிய பிறகு மழை பிடித்தாலோ பால் மங்கு நிறையத் தண்ணீர். வெட்டு இல்லாத நாளுக்குக் கூலி இல்லை. மாதச் சம்பளம் வேண்டும் என்று தொழிற்சங்கம் பல்லாண்டுக் காலம் கேட்டுக்கொண்டிருந்ததற்கு இந்த மழையும் ஒரு காரணம். அதனால், வானம் பார்ப்பதைத் தாத்தா பொழுதுபோக்கு என்று எண்ணியதில்லை. தான் சொன்னது பொய்த்துப்போனால் சந்தோஷப்பட்ட ஒரே வானிலை அறிஞர் எனக்குத் தெரிந்து அவர்தான்.

அந்தத் தோட்டத்தில் இப்போது பாதி செம்பனை, பாதி வீடமைப்பு. பேரப்பிள்ளைகளான நாங்கள் சுங்கை பட்டாணியில் ஒரு மாமாக் கடையில் கூடுகிறோம். ஓய்வுபெற்ற ஆசிரியர், லாரி வைத்திருப்பவர், நான், இன்னும் சிலர். எங்களில் யாருக்கும் நனைவதற்கு ஒரு ரப்பர் மரம்கூட இல்லை. ஆனால் கருவிகளுக்குக் குறைவில்லை. ஜப்பானின் ஹிமவாரி துணைக்கோள் பத்து நிமிடத்துக்கு ஒருமுறை படம் அனுப்புகிறது. கைப்பேசியில் விண்டி செயலி இருக்கிறது, மைச்சுவாச்சா செயலி இருக்கிறது. தே தாரிக் ஆறுவதற்குள் ஐரோப்பிய மாடலுக்கும் அமெரிக்காவின் ஜிஎஃப்எஸ் மாடலுக்கும் பஞ்சாயத்து நடக்கும். "ஜிஎஃப்எஸ் வழக்கம்போலப் பயமுறுத்துது சார்" என்பார் லாரிக்காரர். சென்னையின் வானிலைப் பதிவர் பிரதீப் ஜான் எழுதுவதையும் ஒருவர் விடாமல் படிக்கிறார். வேளச்சேரியில் எத்தனை மணிக்கு மழை என்று அவருக்குத் தெரியும். அந்த நேரம் அவர் வீட்டுக் கொடியில் துணி நனைந்துகொண்டிருக்கும்.

கடலில் ஏதாவது சுழலத் தொடங்கினால் அதற்கு 90 முதல் 99 வரை ஓர் எண்ணும் ஓர் எழுத்தும் தருகிறார்கள். மேற்குப் பசிபிக் என்றால் டபிள்யூ, வங்காள விரிகுடா என்றால் பி. அந்த எண் வந்த அன்று எங்கள் மேசையில் ரொட்டி சானாய் கூடுதலாக விற்கும். நிலநடுக்கோட்டுக்கு அருகே பூமியின் சுழற்சி காற்றைத் திருப்பும் விசை மிகக் குறைவு; ஐந்து பாகைக்குள் புயல் உருவாவது அபூர்வம் என்பது பாடம். சுங்கை பட்டாணி இருப்பதோ ஐந்தரைப் பாகைக்குச் சற்று மேலே. பாடம் எங்களைக் காப்பாற்றாது என்பதில் எங்களுக்கு ஒரு பெருமை! போதாக்குறைக்கு, 2001 டிசம்பரில் சிங்கப்பூருக்குப் பக்கத்தில், ஒன்றரைப் பாகையில், வாமெய் உருவாகி ஜொகூரில் கரையேறியதை ஆசிரியர் வாரம் ஒருமுறை நினைவூட்டுவார். 1996இல் கிரெக் புயல் சபாவில் இருநூறுக்கும் மேற்பட்டவர்களைக் கொன்றதை அவ்வளவு அடிக்கடி சொல்வதில்லை. அது பேச்சின் சுவையைக் கெடுத்துவிடும்.

எங்கள் திறமைக்கு 2019 ஒரு நல்ல ஆண்டு. ஜனவரியில் பாபுக் வந்தது. வடமாநிலங்களுக்கு எச்சரிக்கை. நாங்கள் அதன் பாதையைப் பென்சிலால்கூட வரைந்தோம். அது 4ஆம் தேதி தாய்லாந்தின் நக்கோன் சி தம்மராட் பக்கம் கரையேறி அந்தமான் கடலுக்குப் போய்விட்டது. ஒருவர் வெளிப்படையாகவே வருத்தப்பட்டார். ஆகஸ்டில் லெக்கிமா சீனாவை நோக்கிப் போய்க்கொண்டிருந்தது. நமக்குச் சம்பந்தமில்லை என்று அன்று கிரிக்கெட் பேசினோம். 9ஆம் தேதி அதன் வால் காற்று கெடாவிலும் பினாங்கிலும் கூரைகளைப் பிய்த்தெறிந்தது.

பிறகு 2025 நவம்பரில் சென்யார். மலாக்கா நீரிணையிலேயே உருவான புயல். தாத்தா மின்னல் பார்த்த அதே கடல். 26ஆம் தேதி டெல்லியிலிருந்து அதற்குப் பெயர் வந்தபோது, கல்யாண வீட்டில் மாப்பிள்ளை அழைப்பு நெருங்கியதுபோல் இருந்தது கடை. அன்றே அது சுமாத்ராவில் ஏறியது. மறுபடி நீரிணைக்கு வந்து, 27ஆம் தேதி நள்ளிரவை ஒட்டிச் சிலாங்கூரில் கரையேறியது. அந்த வாரம் வடக்கில் கெடா, பெர்லிஸ் மக்கள் பலர் நிவாரண மையங்களில் இருந்தார்கள். சுமாத்ராவில் வெள்ளத்திலும் மண்சரிவிலும் இறந்தவர்கள் ஆயிரத்துக்கும் மேல். அந்த எண்ணிக்கை ஏற ஏறக் கடையில் யாரும் மாடல் பேசவில்லை.

நாங்கள் உருட்டிப் பார்த்த வரைபடங்கள் எதிலும் வராத இரண்டு மழைகளைச் சொல்ல வேண்டும். 2021 ஆகஸ்ட் 18ஆம் தேதி ஜெராயின் சரிவில் கொட்டிய மழை, பாறையும் மரமும் சேறுமாக யான், மெர்போக் பக்கம் இறங்கி உயிர்களை வாங்கியது. 2022 ஜூலை 4ஆம் தேதி குனோங் இனாஸ் பக்கமிருந்து வந்த வெள்ளம் பாலிங்கின் கூப்பாங்கில் மூவரைக் கொண்டுபோனது. இரண்டுக்கும் எண் இல்லை, எழுத்து இல்லை, பெயர் இல்லை. இதில் ஒரு கேலி: புயல்களுக்கு மலேசியா கொடுத்த பெயர்களில் மெர்போக் என்ற பறவையின் பெயரும் உண்டு. அந்தப் பெயர் கொண்ட புயலின் மிச்சம் 2022 செப்டம்பரில் அலாஸ்காவின் கரையை அடித்தது. எங்கள் மெர்போக்கை அடித்தது பெயரில்லாத ஒரு மழை.

மலைக்கு மேலே ஒரு மேகம் சில மணி நேரம் நகராமல் நிற்பதே கெடாவில் ஆளைக் கொல்லப் போதும். ஆயிரம் கிலோமீட்டருக்கு அப்பால் சுழல்வதைக் காட்டும் கருவி அதற்கு உதவுவது குறைவு. தாத்தா பார்த்த திசைதான் சரியான திசை; அவர் அதைக் கூலிக்காகப் பார்த்தார் என்பது வேறு விஷயம்.

ஞாயிற்றுக்கிழமை பிள்ளைகளோடு ஜெராய் அடிவாரத்து அருவிகளான தித்தி ஹயூனுக்கோ துப்பாவுக்கோ குளிக்கப் போகிறவர்களுக்கு ஒன்று சொல்லிக்கொள்கிறேன். நீங்கள் நிற்கிற இடத்தில் வெயில் அடிக்கலாம். மலை உச்சி தெரியாவிட்டால் தண்ணீரில் இறங்காதீர்கள். தெளிந்த நீர் திடீரென்று கலங்கினாலோ இலையும் குச்சியும் மிதந்து வந்தாலோ, மேலிருந்து கெபாலா ஆயர் என்னும் திடீர் வெள்ளம் வருகிறது என்று அர்த்தம். துணியையும் சாப்பாட்டு டப்பாவையும் போனால் போகிறதென்று விட்டுவிட்டுப் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு கரையேறுங்கள்.