பேர் வெட்டின கத்தி

புளியந்தோப்பில் கத்தி வாங்குவது சுலபம். எதற்கு வாங்கினாய் என்று கேட்டால் நம்பும்படி பதில் சொல்வதுதான் கஷ்டம். மயிலாப்பூர்க்காரர் பையில் ஒரு மடக்குக் கத்தி இருந்தால், பாவம், பென்சில் சீவ வைத்திருக்கிறார் என்பார்கள். எங்கள் பேட்டை முகவரியோடு அதே கத்தி அகப்பட்டால் அதன் நீளத்தைக் கேட்பார்கள்.

நீளத்தை நானே சொல்லிவிடுகிறேன். 9 அங்குலத்துக்கு மேல் நீளமோ, 2 அங்குலத்துக்கு மேல் அகலமோ உள்ள கத்திகளைத்தான் ஆயுதச் சட்ட விதிகள் பட்டியலில் வைத்திருக்கின்றன. அதிலும் வீட்டு வேலை, விவசாயம், ஆராய்ச்சி, தொழில் இவற்றுக்காகச் செய்ததென்றால் விலக்கு உண்டு. நான் பர்மா பஜாரில் வாங்கியதோ மடக்கினால் உள்ளங்கைக்குள் ஒளிந்துகொள்ளும் சாதி. வெள்ளரிக்காய்கூட அதற்குப் பயப்படாது. ஆனாலும் விதியை மனப்பாடம் செய்துகொண்டுதான் பஸ் ஏறினேன். வழியில் ஒருவரும் கேட்கவில்லை. படித்த பாடத்திலிருந்து கேள்வி வராத வருத்தம் எனக்குப் பள்ளிக்கூட நாளிலிருந்தே பழக்கம்.

இங்கே கத்தியே கிடையாது என்று சொல்ல வரவில்லை. ஆட்டுத்தொட்டியில் ஊர் விழிக்குமுன்பே கத்திகள் வேலையை ஆரம்பித்துவிடும். சென்னையில் பாதிப் பேரின் ஞாயிற்றுக்கிழமைக் குழம்புக்கு அந்தக் கத்திகள்தான் பொறுப்பு. அவற்றை யாரும் படம் எடுப்பதில்லை. படம் எடுப்பதெல்லாம் பின்னி மில்லில்.

பின்னி மில் என்று நாங்கள் சொல்லும் பக்கிங்ஹாம் கர்நாடிக் மில்லில்தான் அப்பா தறி ஓட்டினார். 1878-லிருந்து ஓடிய மில். பட்டாளத்துக்கும் போலீசுக்கும் காக்கி நெய்து பேர் வாங்கியது. காக்கி நெய்தவர் குடும்பமாயிருந்தும், காக்கியைக் கண்டால் ஓரமாக நடக்கும் பழக்கம் எங்களைவிட்டுப் போகவில்லை என்பது வேறு விஷயம். 1996-ல் மில்லை மூடினார்கள். அதன் பிறகு அங்கே சினிமாக்காரர்கள் வந்தார்கள். இருபது பேர் அரிவாளோடு ஓடிவந்து கதாநாயகனிடம் வரிசையாக உதை வாங்கும் காட்சிகளில் பல அந்தச் சுவர்களுக்குள் எடுத்தவை. டிவியில் அப்படி ஒரு சண்டை வந்தால் அப்பா சட்டென்று நிமிர்ந்து உட்காருவார். வில்லன் யார், எதற்குச் சண்டை, எதுவும் அவருக்கு வேண்டாம். "இது நம்ம வீவிங் ஷெட்டுடா" என்பார். ஒருவன் பறந்துபோய் விழுந்தால், "அங்கதான் என் தறி நின்னுச்சு" என்று இடம் காட்டுவார். புளியந்தோப்பில் கத்தி வீசினார்கள் என்று ஊர் உலகம் நம்புவதில் எவ்வளவு பங்கு அப்பாவின் தறி நின்ற இடத்தில் நடந்திருக்கும் என்று நான் கணக்குப் போட்டதுண்டு.

கத்தி எதற்கு என்ற கேள்விக்கு வருகிறேன். எங்கள் வீட்டில் அப்பா பேரில் ஒரு பொருளும் இல்லை. கரெண்ட் பில், காலமான தாத்தா பேருக்கு இன்னும் விடாமல் வருகிறது. ரேஷன் கார்டில் குடும்பத் தலைவி அம்மா. குடம், அன்னக்கூடை, சொம்பு, டம்ளர், இட்லிப் பானை என்று எவர்சில்வர் முழுவதிலும் அம்மாவைப் பெற்றவரின் பேர், இனிஷியலோடு, கல்யாணத் தேதியோடு. கரண்டிக் காம்பைக்கூட விடவில்லை. "எங்க நைனா போட்ட சீரு, நசுக்காம தேயுங்க" என்று அம்மா சொல்லாத நாளில்லை. மாமனார் பேர் தெரியத் தெரிய இத்தனை வருஷம் தண்ணீர் குடித்த மனிதருக்கு, தன் பேரைப் பார்த்துக்கொள்ள ஒன்றாவது வேண்டாமா?

இதற்கு ஸ்விட்சர்லாந்தில் முன்னுதாரணமே இருக்கிறது. 1884-ல் கத்திப் பட்டறை தொடங்கிய கார்ல் எல்சனர், 1909-ல் அம்மா விக்டோரியா காலமானதும் கம்பெனிக்கே அவர் பேரை வைத்தார். 1921-ல் துருப்பிடிக்காத எஃகைக் குறிக்கும் 'இனாக்ஸ்' அதோடு ஒட்டிக்கொள்ள, விக்டோரினாக்ஸ் ஆயிற்று. இன்றைக்கு உலகம் முழுக்க ஆப்பிள் நறுக்குகிறவர்கள் அந்த அம்மாவின் பேரைக் கையில் பிடித்துக்கொண்டுதான் நறுக்குகிறார்கள். ஒரு மகன் தாய்க்கு இவ்வளவு செய்யும்போது, நான் அப்பாவுக்கு ஒரே ஒரு கத்தியில் செய்யலாமே.

பட்டாளம் என்கிற பேட்டையில் ஒரு பாத்திரக் கடை வாசலில் பேர் வெட்டுகிறவர் ஒருவர் உட்கார்ந்திருப்பார். மற்ற கடைகளில் கரெண்டில் ஓடும் பேனா வந்து, பல் டாக்டர் வீட்டுச் சத்தம் போடுகிறது. இவர் மட்டும் இன்னும் சிற்றுளியும் சின்னச் சுத்தியலுமாக. கத்தியை நீட்டினேன். வாங்கவில்லை.

"கத்திலயா? சார், குண்டானுக்குப் பேர் போட்டா, தொலைஞ்சா குண்டான் திரும்பி வரும். கத்திக்குப் பேர் போட்டா, போலீஸ்ல தேடிக்கினு வருவாங்க."

"அப்பாவுக்குப் பரிசுங்க."

"இருக்கட்டும். நாளைக்கு வெட்டினது யாருன்னு கேப்பாங்க. பேர் வெட்டினது நானுன்னு முழுசா சொல்லி முடிக்கறதுக்குள்ள பாதியிலயே எழுதிக்குவாங்க."

ஒன்பது அங்குல விதியை எடுத்துவிட்டேன். படித்தது இங்கேயாவது உதவியது. மனிதர் கத்தியை வாங்கி, அலகை நகத்தால் சுண்டிப் பார்த்தார். இதில் உளி ஏறாது என்றார். காரணமும் இருக்கிறது. 1913-ல் ஷெஃபீல்டில் துப்பாக்கிக் குழல் அரிக்காமலிருக்க வழி தேடிப்போன ஹாரி பிரியர்லிக்குத் துருப்பிடிக்காத எஃகு கிடைத்தது. அது முதலில் சாப்பாட்டு மேசைக் கத்தியாகத்தான் பிழைத்தது. அந்த வம்சத்தில் கத்தி எஃகுக்குக் கார்பன் கூடுதல். காய்ச்சித் தோய்த்தால் இறுகிவிடும். நம் எவர்சில்வரில் நிக்கல் சேர்ந்திருக்கும், கார்பன் குறைவு. தோய்த்தாலும் இறுகாது, உளிக்கு இடம் கொடுக்கும். கத்தி அலகில் உளியை வைத்தால் வழுக்கும், இல்லையென்றால் உளியின் மூக்கு உடையும். "பிடியில பித்தளை இருக்குதே, அதுல போட்டுக்கலாம்" என்றார்.

அடுத்தது கூலி. எழுத்துக்கு இவ்வளவு என்று ரேட்டு. அப்பாவின் முழுப்பேரைச் சொன்னேன். பிடியின் நீளத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "இதுக்குக் கடப்பாரைதான் வாங்கணும்." கூப்பிடுகிற பேரைப் போடலாமா என்று கேட்டேன். "என்னான்னு கூப்புடுவே?" "நைனான்னு." அவர் முகம் அப்போதுதான் தெளிந்தது. "அதான் நல்லது. நைனான்னா இந்தப் பேட்டையில யாரைப் போய்ப் புடிப்பாங்க?"

இரண்டெழுத்துக் கூலியை எண்ணி வைத்தேன். கொம்பு தனி, கால் தனி என்றார். எழுத்து அளவுக்கு அதுவும் இழுக்கிறதாம். நன்னூல் எழுதியவர் இந்தக் கடை வாசலில் உட்கார்ந்ததில்லை. பேரம் பேசிப் பார்த்தேன், புள்ளி வைத்த எழுத்தாயிருந்தால் புள்ளிக்குக் காசு வாங்கமாட்டேன் என்று பெருந்தன்மை காட்டினார்.

ஆனால் வேலை பார்க்கத் தகுந்த வேலை. பென்சிலில் கோடு போட்டுக்கொண்டு, உளியைச் சாய்த்துப் பிடித்துத் தட்டத் தட்ட, சின்னச் சின்ன வெட்டுகளாகச் சேர்ந்து கோடு வளைந்தது. வளைவில் உளி திரும்பவில்லை. கத்திதான் திரும்பியது. நடுவில் பக்கத்துக் கடைக்காரரிடம் பழைய கடனைக் கேட்டார், சுத்தியல் நிற்கவில்லை.

வீட்டில் கத்தியைக் கையில் நீட்டினேன். "கைல குடுக்காதடா, சண்டை வரும். கீழ வை" என்றார் அப்பா. ஐரோப்பாவில் இதற்கே ஒரு காசைப் பதிலுக்குக் கொடுத்து, விலைக்கு வாங்கியதாகக் கணக்குக் காட்டிவிடுவார்கள். நமக்குத் தரை போதும். வைத்தேன். அப்பா மூட்டுவலியோடு குனிவதற்குள் கீரை ஆய்ந்துகொண்டிருந்த அம்மா எடுத்துவிட்டாள். கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொண்டு, பிடியைத் தடவி, எழுத்துக்கூட்டிப் படித்தாள்.

"அட, எங்க நைனா கத்தி! இது எங்கடா இருந்திச்சு இத்தினி நாளா?"

அகப்பைக்கூடைப் பக்கம் கத்தி போனது. அப்பா ஒரு மாம்பழத்தை எடுத்து அம்மா முன்னால் வைத்தார்.

"உங்க நைனாவ ஒரு வார்த்த கேட்டுட்டு, இத நறுக்கிக் குடு."