ஐங்கால் உயிரியும் ஐந்து நட்சத்திர விடுதியும்

நட்சத்திர விடுதியின் லாபியைப் படமெடுக்க யாருக்கு அனுமதி உண்டு, யாருக்கு இல்லை என்ற வினாவுக்குச் சட்டத்திலும் பாதுகாப்பிலும் விடை தேடியோர் அனைவரும் வழுவினர் என்பது இவ்வாய்வின் துணிபு. விடை கால்களில் இருக்கிறது. செல்போனோடு வருபவருக்குக் கால் இரண்டு. ட்ரைபாட் கொண்டுவருபவருக்கு அதன் மூன்றையும் கூட்டினால் ஐந்து. முன்னவர் தொங்குவிளக்கு, பூச்சாடி, படிக்கட்டு, போகிற போக்கில் சோபாவில் கண்ணயர்ந்த விருந்தினர் என்று சுட்டுத்தள்ளுவார். வரவேற்பு மேசையில் புன்னகை மாறாது. பின்னவர் ட்ரைபாட்டின் முதற்காலை நீட்டி முடிப்பதற்குள் கோட்டுப் போட்ட ஒருவர் எங்கிருந்தோ முளைத்து, “மே ஐ ஹெல்ப் யூ, சார்?” என்பார். உதவிக்கு வந்தவரல்லர் என்பது இருவருக்கும் தெரியும். ஆகவே நூற்பா: இருகால் ஆயின் இன்முகம் காட்டுக, ஐங்கால் ஆயின் அனுமதி கேட்க.

தடுப்பது சட்டமே எனின், அன்று. 1957ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டம், கட்டடக் கலைப்படைப்பைப் படமெடுப்பதும் வெளியிடுவதும் மீறலாகாது என்று 52ஆம் பிரிவில் விலக்குத் தருகிறது. பொதுமக்கள் வந்துபோகும் வளாகத்தில் நிலையாக நிற்கும் சிற்பத்துக்கும் அது பொருந்தும். மும்பையின் தாஜ்மகால் பேலஸ் 2017இல் தன் கட்டடத் தோற்றத்தையே வணிகச் சின்னமாகப் பதிந்துகொண்டது. இந்தியாவில் ஒரு கட்டடம் அப்படிப் பதிவானது அதுவே முதல்முறை. ஆனால் அது அந்த உருவத்தை வைத்துச் சரக்கு விற்பவருக்கான வேலி. எதிரே கேட்வே ஆஃப் இந்தியா முன்னால் நின்று செல்ஃபி எடுப்பவருக்கானதன்று. இன்னும் பழையதான 1867ஆம் ஆண்டின் சராய்கள் சட்டமோ, திருடர் ஏறி இறங்க வாகான மரக்கிளையைச் சத்திரக்காரர் வெட்டியாக வேண்டும் என்பதுவரை யோசித்திருக்கிறது. கேமராவைப் பற்றி மூச்சு விடவில்லை. எஞ்சுவது, ‘என் இடம், என் நிபந்தனை’ என்னும் உடைமையாளர் உரிமை. அதை மறுப்பதற்கில்லை. ஆனால் தடுக்கும் அதிகாரம் எங்கிருந்து வருகிறது என்று அது சொல்லுமேயன்றி, ஐந்து காலைக் கண்டால் மட்டும் ஏன் பாய்கிறது என்று சொல்லாது.

விருந்தினரின் அந்தரங்கம் காக்கவே இத்தடை என்பாரும் உளர். இவர்கள் கேமராவின் இயல்பு அறியாதார். உள்ளரங்கப் படக்காரர் ஐஎஸ்ஓ 100இல், எஃப் 11 திறப்பில், மஞ்சள் விளக்கொளி மட்டும் உள்ள லாபியை எடுக்கிறார் என்க. ஷட்டர் சில நொடிகள் திறந்தே கிடக்கும். அதற்குள் குறுக்கே நடந்து போகிற தொழிலதிபர் படத்தில் வெறும் புகைத் தீற்றலாவார். வேகமாக நடந்தால் அதுவும் இல்லை. யாரோடு வந்தார் என்று எந்த மனைவியாலும் அதிலிருந்து கண்டுபிடிக்க முடியாது. செல்போனோ இமைப்பொழுதில் மூக்கு, முழி, கைக்கடிகாரத்தின் கம்பெனி வரை பிடித்துவிடும். அந்தரங்கமே குறி என்றால் ட்ரைபாட்டைக் கட்டாயமாக்கிச் செல்போனை வாசலிலேயே வாங்கி வைத்துக்கொள்வதுதான் முறை. பாதுகாப்பு எனின், 2008 நவம்பர் மும்பைத் தாக்குதலுக்குப் பிறகு வந்த பை சோதனையும் காருக்கடியில் நீட்டும் கண்ணாடியும் நியாயமானவை. ஆயினும் வேவு பார்க்க வருபவன் இடுப்புயரக் கருவியை நடுக்கூடத்தில் நிறுத்தி, நீர்மட்டக் குமிழைப் பார்த்துப் பார்த்துத் திருகிக்கொண்டிருப்பான் என்று நம்புவதற்குத் தனித் திறமை வேண்டும்.

உண்மைக் காரணம் வேறு. யாருமே உழைக்காததுபோல் தோன்றவேண்டிய இடம் லாபி. அழுக்குத் துணிவண்டிக்குப் பின்பக்க நடை, சமையல்காரருக்குத் தனி லிப்ட், தரை மெருகேற்றும் இயந்திரத்துக்கு நள்ளிரவு. இத்தனை பாடுபட்டு மறைத்துவைத்த உழைப்பை, ட்ரைபாட்டின் முன் குனிந்து வியர்க்கும் ஒருவர் அம்பலமாக்கிவிடுகிறார். குற்றம் படமெடுத்ததில் இல்லை. வேலை செய்வது தெரிந்ததில்தான். கல்யாணப் படக்காரர்கள் கிரேனும் ட்ரோனுமாக இறங்குகிறார்களே எனின், அவர்கள் இறங்குவது விருந்து மண்டபத்தில். பெரும்பாலும் அதற்குத் தனி வாசல். வாடகை கட்டியதும் ஒரு காரணம் என்பதை ஒப்புவோம். ஆனால் அறை வாடகை கட்டியவரும் அதே ஐங்காலோடு லாபிக்கு வந்து பார்க்கட்டும், கோட்டு முளைக்கும்.

அனுமதி கிடைக்கும் வகையும் இதற்குச் சான்று. டூட்டி மேனேஜர் மார்க்கெட்டிங்கைக் கைகாட்டுவார், மார்க்கெட்டிங் தலைமை அலுவலகத்தைக் கைகாட்டும். உள்ளரங்கத்தை வடிவமைத்த கட்டடக்கலைஞரின் கடிதமோ, படம் வரப்போகும் பத்திரிகையின் கடிதமோ இருந்தால் இந்தச் சுற்று குறையும். நேரம் மட்டும் விடியற்காலை ஐந்து மணி என்று வரும். அதாவது, தரை மெருகேற்றுபவரின் நேரம். உழைப்போர் உழைப்போரோடு சேர்க்கப்படுகின்றனர். கூடவே கண்காணிக்க ஒரு செக்யூரிட்டி. முதல் அரைமணி அவர் கைகட்டி நிற்பார். பிறகு மெத்தைத் திண்டின் நடுவில் ஒரு வெட்டு வெட்டி நிமிர்த்துவது எப்படி என்று பார்ப்பார். ஏழு மணிக்கு, “சார், அந்த லாம்ப் வயர் தெரியுது, ஒதுக்கிடட்டுமா?” என்று அவரே கேட்பார்.