திரையில் முளைக்கும் அவரை

தொடக்கப்பள்ளிக்கு ஸ்மார்ட் போர்டு வந்தாயிற்று. கரும்பலகையைப் பார்த்து எழுதிய பிள்ளைகள் இப்போது ஒளிரும் பலகையைப் பார்த்து எழுதுகிறார்கள்; புரட்சிதான்! 2018இல் தமிழகப் பாடநூலுக்குள் க்யூஆர் கோடும் புகுந்தது. ஆக, விதை முளைப்பதை வீடியோவில் பார்க்கலாம். ஜன்னலுக்கு வெளியே நிற்கும் நிஜ அவரைக் கொடியைத்தான் சீந்துவாரில்லை.

இதற்கு நேர்மாறான வழியும் உண்டு. கணினி அறிஞர் சீமோர் பாப்பர்ட்டும் கூட்டாளிகளும் குழந்தைகளுக்காக 1967இல் உருவாக்கிய லோகோ என்ற கணினி நிரல்மொழியில் பின்னர் ஓர் ஆமை சேர்ந்தது. குழந்தை கட்டளையிடும், ஆமை நகர்ந்து கோடு போடும். நம் வகுப்பில் திரை கட்டளையிடுகிறது; குழந்தை கைகட்டி உட்கார்ந்திருக்கிறது.

டீச்சர், பீரோவில் பூட்டிவைத்த டேப்லெட்டைப் பிள்ளைகளிடம் கொடுங்கள். கொடியைத் தினமும் படமெடுத்து அவர்களே வீடியோவாகக் கோக்கட்டும். கீறல் விழுந்தால் பொறுப்பு யார் என்பதற்கு ஒரு சுற்றறிக்கை வந்தால் போதும்.