ஜமுக்காளத்துக்குள் நாலு பேர்

இரவு பதினொன்றரை மணி. வேற்றுக்கிரகத்திலிருந்து வந்த கொடும்பிராணி ஒன்று மனிதர்களை விழுங்கிக்கொண்டிருந்தது. நான் முறுக்கு தின்றுகொண்டிருந்தேன். தண்ணீர் குடிக்க எழுந்து வந்த அம்மா, என் முதுகுக்குப் பின்னால் நின்று இரண்டு நிமிடம் லேப்டாப்பைப் பார்த்தாள்.

“என்ன கண்ணு அது, ஜமுக்காளமா?”

“இல்லம்மா. வேற்றுக்கிரகத்துப் பிராணி. ராக்கெட்டுல வந்து இறங்கியிருக்கு.”

“உள்ள நாலு பேர் இருக்கானுங்க. கடைசியா இருக்கறவன் காலை மாத்தி வைக்கிறான் பாரு.”

பார்த்தேன். மாற்றித்தான் வைத்தான்.

படம் 1964-ல் வந்த ‘தி க்ரீப்பிங் டெரர்’. அந்தப் பிராணி நடக்கும் வேகத்தைவிட எங்கள் தெருவில் ரேஷன் கடை வரிசை வேகமாக நகரும். ஆகவே அது யாரையும் துரத்திப் பிடிக்க முடியாது. பலியாகப் போகிறவர்கள்தான் காத்திருந்து ஒத்துழைக்க வேண்டும். அதன் வாய்ப்பக்கம் போய் அவர்களே தவழ்ந்து உள்ளே நுழைகிறார்கள். கால் மட்டும் வெளியே நீட்டிக்கொண்டிருந்தால் அதையும் இழுத்துக்கொள்கிறார்கள். “அந்தப் புள்ளையே போகுதே, பாவம்” என்றாள் அம்மா. பேச்சொலி முக்கால்வாசி இல்லாத படம் அது. கணவன், மனைவி, நண்பன் மூவரும் ஒரு அறையில் வாயசைத்துப் பேச, அவர்கள் என்ன பேசுகிறார்கள் என்பதைப் பின்னணியில் ஒரு குரல், பத்திர எழுத்தர் கிரயப் பத்திரத்தை வாசித்துக் காட்டுகிற தொனியில் நமக்குத் தெரிவிக்கிறது.

அம்மா ஒரே வரியில் விமர்சனத்தை முடித்தாள். “துணி பத்தலை. அதான் தெணறியிருக்கான்.”

அம்மா நாற்பது வருஷம் வீட்டுத் திண்ணையில் தையல் மெஷின் போட்டு ரவிக்கை தைத்தவள். எண்பது சென்டிமீட்டர் துணியைக் கொண்டுவந்து ஒரு மீட்டர் வேலையைக் கேட்கும் வாடிக்கையாளர்களோடு வாழ்ந்தவள். கக்கத்தில் ஒட்டுப் போட்டு, அது வெளியே தெரியாமல் மடித்து அடித்து, “கையைத் தூக்காம இருந்தாப் போதும்” என்று சொல்லி அனுப்புவாள். மலிவு விலைப் பூதப் படங்களைப் பற்றி இதைவிடத் தெளிவாக எந்தச் சினிமாப் புத்தகமும் எனக்குச் சொன்னதில்லை. அவை துணி பத்தாத படங்கள். கையைத் தூக்காமல் பார்க்க வேண்டும்.

இந்த வியாதி எனக்கு 1984-ல் தொற்றியது. சிங்கப்பூரிலிருந்து வந்த மாமா ஒரு டெக்கும் நாலு கேசட்டும் கொண்டுவந்தார். ‘இங்கிலீஷ் பேய்ப்படம்’ என்று அறிவிப்பானதும் தெருவே எங்கள் கூடத்தில் உட்கார்ந்தது. திரையில் வந்தது ஒரு கொரில்லா. அதன் தலையில் மட்டும், மீன்தொட்டியைக் கவிழ்த்ததுபோல ஒரு ஹெல்மெட். ஹெல்மெட்டின் மேல் இரண்டு ஆன்டெனா. அது குகை வாசலில் நின்று யாரிடமோ டிவிப்பெட்டியில் பேசியது. பக்கத்தில் ஒரு மேஜை. மேஜை மேல் இருந்த இயந்திரத்திலிருந்து சோப்புக் குமிழிகள் பறந்தபடியே இருந்தன. யாருக்கும் ஆங்கிலம் தெரியாது. இரண்டாம் வீட்டுத் தாத்தா, “இவன் சலவைக்காரன்” என்று முடிவு சொன்னார். அம்மா மட்டும் கொரில்லாவின் முழங்காலையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, “ஆளுக்கு ரெண்டு சைஸ் பெருசு” என்றாள்.

அந்தப் படத்தின் பெயர் ‘ரோபோட் மான்ஸ்டர்’, 1953 என்பது எனக்குப் பல வருஷம் கழித்துத்தான் தெரிந்தது. கதைப்படி அந்தக் கொரில்லா நிலவிலிருந்து வந்த ரோ-மேன். பூமியில் எட்டுப் பேரைத் தவிர அத்தனை பேரையும் கொன்றுவிட்டது. டைரக்டர் ஃபில் டக்கருக்கு இயந்திர மனிதன்தான் வேண்டியிருந்தது. இயந்திர உடுப்புக்குப் பணம் இல்லை. சொந்தமாகக் கொரில்லா உடுப்பு வைத்திருந்த ஜார்ஜ் பாரோஸ் என்ற நடிகரைத் தெரியும். கூப்பிட்டார், ஹெல்மெட்டை மாட்டினார், முடிந்தது. டிவிப்பெட்டிக்கு அந்தப் பக்கம் இருக்கும் மேலதிகாரியும் அதே உடுப்பு, அதே பாரோஸ். தன்னைத் தானே அதட்டிக்கொண்டு, தனக்குத் தானே பயந்து பதில் சொல்கிற அந்த நிர்வாக முறையை அதற்குப் பிறகு நான் வேலை பார்த்த இடங்களிலும் கண்டதுண்டு.

லாஸ் ஏஞ்சலஸ் கிரிஃபித் பூங்காவின் பிரான்சன் பள்ளத்தாக்கில் நாலு நாளில் எடுத்த படம். அந்தக் குகை எத்தனை படங்களில் எத்தனை கிரகமாக இருந்திருக்கிறது என்பதற்குக் கணக்கே இல்லை. நடுநடுவே வரும் ராட்சதப் பல்லிச் சண்டை 1940-ல் வந்த வேறொரு படத்திலிருந்து வெட்டி ஒட்டியது. குமிழி இயந்திரத்துக்கு டைட்டிலில் தனியாகப் பெயர் போட்டு நன்றி தெரிவித்திருக்கிறார்கள். ஆனால் காதை மட்டும் தீட்டிக் கேட்டால் ஆச்சரியம்: இசை முதல்தரம். எல்மர் பெர்ன்ஸ்டீன். பிற்பாடு ‘தி டென் கமாண்ட்மென்ட்ஸ்’, ‘தி மேக்னிஃபிசென்ட் செவன்’ படங்களுக்கு இசையமைத்த அதே ஆள். கம்யூனிஸ்ட் வேட்டை நடந்த காலம். பெரிய கம்பெனிகள் அவரை ஓரங்கட்டி வைத்திருந்தன. கொரில்லாவுக்கும் சோப்புக் குமிழிக்கும் அவர் கொஞ்சமும் கஞ்சத்தனம் இல்லாமல் வாசித்திருக்கிறார். மட்டமான சாப்பாட்டுக்குத் தலைவாழை இலை போட்டதுபோல.

இப்படிப்பட்ட படங்கள் ஏன் ஐம்பதுகளில் ஈசல் மாதிரிக் கிளம்பின என்றால், காரணம் பூதம் அல்ல, கார். 1950-களின் கடைசியில் அமெரிக்காவில் நாலாயிரத்துக்கும் மேற்பட்ட திறந்தவெளி டிரைவ்-இன் அரங்குகள் இருந்தன. காரோடு உள்ளே போய், கண்ணாடி வழியாகப் படம் பார்க்கலாம். ஜோடியாக வந்த இளவட்டங்களுக்குத் திரையைப் பார்க்க அவ்வளவாக நேரம் இருந்திருக்காது என்பது என் ஊகம். அவர்களுக்கு இரண்டு படம் சேர்த்து ஓட்ட மலிவான சரக்கு வேண்டும். அமெரிக்கன் இன்டர்நேஷனல் பிக்சர்ஸ் என்ற கம்பெனி முதலில் படத்தின் பெயரை யோசித்தது, அடுத்து போஸ்டர் வரைந்தது. தியேட்டர்காரர்கள் தலையாட்டினால்தான் கதை எழுத ஆள் கூப்பிட்டது. பத்திரிகையை அடித்துவிட்டுப் பெண் பார்க்கப் போகிற ரகம். போஸ்டரில் பூதம் நகரத்தையே காலால் மிதிக்கும். படத்தில் அதே பூதத்தால் வாசற்படி ஏற முடியாது.

அங்கே கோலோச்சியவர் ரோஜர் கார்மன். ஸ்டான்ஃபோர்டில் இன்ஜினியரிங் படித்தவர், அதுதான் வினை. 1956-ல் ‘இட் கான்க்வர்ட் தி வேர்ல்ட்’ எடுத்தபோது, வெள்ளி கிரகத்துப் பிராணியை அறிவியல்படி யோசித்தார். ஈர்ப்பு விசை கூடுதலான கிரகம் என்பது அவர் நினைப்பு, ஆகவே பிராணி குட்டையாக, தரையோடு அகலமாகத்தான் இருக்க வேண்டும். தர்க்கம் சுத்தம். பால் பிளெய்ஸ்டெல் என்ற கலைஞர் அப்படியே செய்தும் கொடுத்தார். பல் முளைத்த வைக்கோல்போர் ஒன்று இடுப்பு உயரத்துக்கு வந்து நின்றது. கதாநாயகி பெவர்லி கார்லண்ட் அதன் அருகில் போய் நின்று குனிந்து பார்த்து, ‘உலகத்தைப் பிடிக்க வந்தது இதுவா?’ என்கிற பாவனையில் கேலி செய்துவிட்டு ஒரு உதையும் விட்டார் என்று கார்மனே பிற்காலத்தில் சொல்லிச் சிரித்திருக்கிறார். அவசர அவசரமாகப் பூதத்துக்கு உயரம் கூட்டினார்கள். கதாநாயகியைவிடப் பூதம் உயரமாக இருக்க வேண்டும் என்கிற பாடம் எந்த இன்ஜினியரிங் கல்லூரியிலும் கிடையாது.

இந்தப் படங்களின் உண்மையான குற்றம் பூதம் அல்ல. பேச்சு. பூதத்தைக் காட்டக் காசு வேண்டும். பேசக் காசு வேண்டாம். ஆகவே எழுபது நிமிடப் படத்தில் ஐம்பது நிமிடம் கோட்டு போட்ட நாலு பேர் சுவரில் மாட்டிய வரைபடத்துக்கு முன்னால் நின்று பேசுகிறார்கள். ஒருவர் பைப் புகைக்கிறார், அவர் விஞ்ஞானி. ஒருவர் விறைப்பாக நிற்கிறார், அவர் ராணுவம். ஒரு பெண் நின்று காபி ஊற்றுகிறாள்; அவளும் விஞ்ஞானிதான், டாக்டர் பட்டம்கூட உண்டு, இருந்தாலும் காபி அவள்தான் ஊற்றுவாள். இந்த ஐம்பது நிமிடத்தை ‘ரசிக்கிறேன்’ என்று சொல்லும் அன்பர்களை நான் நம்புவதில்லை. நான் தூங்கிவிடுவேன். பூதம் வரும்போது அலறல் கேட்கும், எழுந்துகொள்ளலாம்.

எட் வுட் என்ற மகானைப் பற்றி எல்லோரும் எழுதிவிட்டார்கள். 1955-ல் அவர் எடுத்த ‘பிரைட் ஆஃப் தி மான்ஸ்டர்’ படத்தின் ரப்பர் ஆக்டோபஸை மட்டும் சொல்லிவிட்டு நகர்கிறேன். அதை அசைக்கும் மோட்டார் கையில் இல்லை. ஆகவே பலியாகிறவரே அதன் கைகளை எடுத்துத் தன் கழுத்தில் சுற்றிக்கொண்டு, ‘விடு, விடு’ என்று துடிக்கிறார்.

என் கண்கண்ட தெய்வம் வேறு. 1957-ல் வந்த ‘தி ஜயன்ட் கிளா’. அண்டவெளியிலிருந்து ராட்சதப் பறவை ஒன்று வருகிறது. அது போர்க்கப்பல் அளவு பெரிது என்று ஆளாளுக்குச் சொல்கிறார்கள். ஒருவர் சொல்லி முடித்ததும் அடுத்தவர் சொல்கிறார். அத்தனை பேரும் ஒரே உவமையைக் கையாளுவதைப் பார்த்தால் எழுதியவருக்கு அன்று ஒரே ஒரு உவமைக்குத்தான் படி கொடுத்தார்கள் போலிருக்கிறது. நடிகர்கள் வானத்தைப் பார்த்து நடுங்குகிறார்கள். கதாநாயகன் ஜெஃப் மாரோ எதிர்ப்பொருள் கவசம், அணுத்துகள் என்றெல்லாம் முகத்தில் ஒரு கோணல் இல்லாமல் விளக்குகிறார். அவர்கள் யாரும் அந்தப் பறவையைப் பார்த்ததில்லை. தயாரிப்பாளர் சாம் காட்ஸ்மன் செலவைச் சுருக்க, பறவைப் பொம்மையை மெக்ஸிகோவில் செய்ய ஏற்பாடு செய்திருந்தார். படம் எடுத்து முடித்த பிறகு வந்து சேர்ந்தது அது: இறகு உரித்த கோழிக் கழுத்து, பிதுங்கிய முழி, அகன்ற மூக்குத்துவாரம், உச்சந்தலையில் முடிவெட்டப் பயந்து ஓடிவந்த பையனுக்கு இருப்பதுபோல நாலு முடி. மாரோ தன் ஊர்த் தியேட்டரில் ஊர்க்காரர்களோடு உட்கார்ந்துதான் முதன்முதலாக அதைப் பார்த்தார். தியேட்டரே சிரித்தது. தன்னை யாரும் அடையாளம் கண்டுகொள்வதற்குள் இருட்டிலேயே நழுவி வீட்டுக்குப் போய்க் குடித்ததாக அவரே பேட்டியில் சொல்லியிருக்கிறார்.

அந்த இடத்தில் நான் சிரிப்பதில்லை. எனக்கும் அனுபவம் உண்டு.

ஒன்பதாம் வகுப்பு ஆண்டுவிழாவில் அறிவியல் நாடகம். நான் செவ்வாய்க் கிரகவாசி. துணி வாங்கக் காசு கிடையாது. அம்மா நாலு உரச் சாக்கைப் பிரித்து, அலசி, எழுத்து உள்பக்கம் போகும்படித் திருப்பி, ஒரே இரவில் அங்கி தைத்துக் கொடுத்தாள். தலைக்கு இட்லிச் சட்டி. “கையைத் தூக்காதே” என்று மட்டும் சொல்லியனுப்பினாள். மேடையில் விளக்கு வெளிச்சம், கூட்டம், கைதட்டல். செவ்வாய்க் கிரகவாசி பூமிக்குச் சாபமிடும் கட்டம். ஆவேசத்தில் இரண்டு கையையும் தூக்கிவிட்டேன். தையல் விட்டது, சாக்கு புரண்டது. ‘யூரியா, 50 கிலோ’ என்று என் நெஞ்சில் பச்சை எழுத்தில் விழுந்தது. முதல் வரிசையிலிருந்த சிறப்பு விருந்தினர் துண்டால் வாயைப் பொத்திக்கொண்டார்.

நான் சொல்லவந்தது அதுவல்ல. விஞ்ஞானியாக நடித்த என் சிநேகிதன் சிரிக்கவில்லை. சபையே உருண்டுகொண்டிருந்தபோது, ஐம்பது கிலோ யூரியாவின் காலைப் பிடித்துக்கொண்டு, “எங்கள் பூமியை விட்டுவிடு” என்று நிஜக் கண்ணீர் விட்டு அழுதான். அவன் ஒருவன் கண்ணுக்கு மட்டும் நான் செவ்வாயிலிருந்து வந்திருந்தேன். ஜெஃப் மாரோ வானத்தைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அவன் முகம்தான் தெரிகிறது.

தெருக்கூத்தில் பெஞ்சைக் காட்டிச் சிம்மாசனம் என்றால் சிம்மாசனம்தான். கூத்தாடிக்கும் நமக்கும் ஒப்பந்தம் உண்டு. கேமராவுக்கு அந்த ஒப்பந்தம் தெரியாது. பூத உடுப்பின் ஜிப்பை ஜிப் என்றே காட்டிக்கொடுத்துவிடும். இருந்தும் அந்தப் பூதப்பட மனிதர்கள் கேமரா முன்னால் கூத்துக் கட்டினார்கள்.

இப்போது வேண்டுமென்றே மட்டமாக எடுக்கிறார்கள். 2013-ல் ‘ஷார்க்நேடோ’ வந்தது. சூறாவளிக்குள் சுறாமீன் சுற்றும். பையன் போட்டுக் காட்டினான், விழுந்து விழுந்து சிரித்தான். எனக்குச் சிரிப்பு வரவில்லை. வாழைப்பழத் தோலில் வழுக்கி விழுகிறவனைப் பார்த்துச் சிரிக்கலாம். தோலைத் தானே கொண்டுவந்து, போட்டு, நம்மைத் திரும்பிப் பார்த்துக் கண்ணடித்துவிட்டு விழுகிறவனோடு என்ன செய்வது?

போன வாரம் அம்மாவுக்கு நானே ஒரு படம் தேர்ந்தெடுத்தேன். ‘தி ஜங்கிள்’, 1952. தமிழில் ‘காடு’ என்று வந்தது. அமெரிக்கக் கதாநாயகன் ராட் கேமரன், இளவரசியாக மேரி விண்ட்ஸர். ஒரு இந்திய சமஸ்தானத்தில் யானைகள் மிரண்டு ஓடுகின்றன. எதைக் கண்டு மிரளுகின்றன என்று தேடிப் போகிறார்கள். நடந்து, நடந்து, நடந்தே போகிறார்கள். நடுவில் நம்பியார் வருகிறார். அம்மாவுக்கு உயிர் வந்தது. தயாரிப்பு டி.ஆர்.சுந்தரம், சேலம் மாடர்ன் தியேட்டர்ஸ் என்று சொன்னதும் நிமிர்ந்து உட்கார்ந்தாள். அவள் பிறந்த ஊர். ஏற்காடு சாலையில் இன்னமும் நிற்கும் அந்த நுழைவாயில் வளைவைத் தாண்டிப் பள்ளிக்கூடம் போனவள்.

படம் முடியப்போகும் வேளையில் அவை வந்தன. எப்போதோ அழிந்துபோன பனியுக மாமூத்துகள். அதாவது, நம் ஊர் யானைகள். மேலே நீள நீளமாக முடி வைத்த போர்வை. மாமூத் ஒன்று காதை ஆட்டியது. காது மட்டும் அசல்.

அம்மா கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு திரைக்கு அருகில் நாற்காலியை இழுத்தாள். ஜமுக்காளம் என்பாள், போர்வை என்பாள், துணி பத்தலை என்பாள் என்று காத்திருந்தேன். நிறுத்தச் சொன்னாள். பின்னால் போகச் சொன்னாள். இன்னொரு தரம் பார்த்தாள். வயிற்றுக்கு அடியில் எங்கே முடிச்சுப் போட்டிருக்கிறார்கள் என்று விரலால் திரையில் தடவித் தேடினாள்.

“ஏங்கண்ணு, அது சும்மா நின்னுச்சா அளவெடுக்கும்போது?”