ஏழரைக் குழி வானம்

விமானம் ஓட்டக் கற்றுக்கொடுக்கும் பள்ளியின் அதிபர் அவர்கள் சமூகத்துக்கு, மன்னார்குடிப் பக்கத்துக் கிராமமொன்றில் வசிக்கும் ஓய்வு பெற்ற தமிழாசிரியன் எழுதிக்கொள்ளும் விண்ணப்பம். இவ்விடம் யாவரும் க்ஷேமம். அவ்விடத்து க்ஷேமத்தைத் தங்கள் கணக்குப் பிரிவினர் மாதம் தவறாமல் எழுதித் தெரிவித்து வருவதால், தனியாக விசாரிக்க வேண்டிய அவசியம் நேரவில்லை.

முப்பத்து நான்கு வருஷம் பிள்ளைகளுக்கு அணியிலக்கணம் சொல்லிக் கொடுத்தவன் நான். அதில் வஞ்சப் புகழ்ச்சி என்று ஓர் அணி உண்டு. புகழ்வது போலப் பழிப்பது அதன் லக்ஷணங்களில் ஒன்று. இக்கடிதத்தில் எங்கேனும் தங்களைப் புகழ நேர்ந்தால், தொழில் தோஷத்தால் அந்த அணி தானாக வந்து ஒட்டிக்கொண்டதாகக் கருதி மன்னிக்கும்படி முன்னதாகவே பிரார்த்தித்துக்கொள்கிறேன்.

எங்கள் தலைமுறைக்குப் பைலட் என்றால் பேனா. பரீட்சைக்கு முதல் நாள் இரவு மை நிரப்பி, கழுத்தில் கசிந்த மையைத் தலைமயிரில் துடைத்துவிட்டுப் படுத்தவர்கள் நாங்கள். ஆகவே, காலம் கடந்து பிறந்த என் ஒரே குமாரன், பிளஸ் டூவில் பௌதிகமும் கணிதமும் படித்துத் தேறிய கையோடு, தான் பைலட் ஆகப் போவதாக அறிவித்தபோது, அவன் தாயார் திருஷ்டி கழித்தாள்; நான் தங்கள் விளம்பரப் புத்தகத்தைப் பிரித்தேன். வழவழப்பான அந்தக் காகிதத்தில் கறுப்புக் கண்ணாடியும் தோளில் நான்கு பொன்பட்டைகளும் தரித்த ஒரு யுவன் சிரித்துக்கொண்டிருந்தான். அவனுக்குக் கீழே, பதினெட்டே மாதங்களில் உரிமம் கைக்கு வரும் என்ற வாக்கியமும், அடுத்த பக்கத்தில் ஜே.ஆர்.டி. டாட்டாவின் படமும் இருந்தன. 1929 பிப்ரவரி 10ஆம் தேதி நம் தேசத்தின் முதலாம் எண் விமானி உரிமத்தைப் பெற்று, 1932 அக்டோபர் 15ஆம் தேதி ஒற்றை எஞ்சின் விமானமொன்றில் கராச்சியிலிருந்து பம்பாய்க்குத் தபால் சுமந்து பறந்த அந்த மகானுபாவர், நல்லவேளையாகத் தங்கள் பள்ளியில் சேரவில்லை. சேர்ந்திருந்தால் அந்தத் தபால் இன்னும் கராச்சியிலேயே இருக்கும்.

பணம் திரட்டிய வகையைச் சொல்கிறேன். பதினைந்து மா, அதாவது ஐந்து ஏக்கர் நிலத்தை விற்றேன். ஏக்கர் பத்து லட்சம் வீதம் ஐம்பது லட்சம் வந்தது, அதை அப்படியே தங்கள் திருவடியில் சமர்ப்பித்தோம். வணிக விமானி உரிமத்துக்கு 200 மணி நேரம் பறந்திருக்க வேண்டும் என்பது சட்டம். தஞ்சாவூர்ச் சீமைக் கணக்கில் ஒரு மாவுக்கு நூறு குழி. பதினைந்து மாவுக்கு ஆயிரத்தைந்நூறு குழி. அதை இருநூறால் வகுத்தால் மணிக்கு ஏழரைக் குழி. ஏழரை என்ற எண்ணைக் கண்டதும் என் மனைவி திருநள்ளாற்றுக்குப் புறப்பட வேண்டும் என்றாள். ஸ்திரீகளின் புத்தி கூர்மையை நாம் எப்போதும் தாமதமாகவே உணர்கிறோம்.

இந்த ஏழரைக் குழியும் ஆகாயத்திலேயே செலவாகியிருந்தால் எனக்கு வருத்தமில்லை. விமானம் பறப்பதற்காகத் தன் சொந்த எஞ்சினால் நகரத் தொடங்கிய கணம் முதல், பறந்து திரும்பி வந்து நிற்கும் கணம் வரை உள்ள நேரம் முழுவதும் பறந்த நேரமே என்பது இத்துறையின் வேதவாக்கியமாம். தங்கள் பள்ளியோ பெரிய கம்பெனி விமானங்களும் வந்து போகும் நிலையத்தில் அமைந்திருப்பது. அந்தப் பட்டத்து யானைகள் ஒவ்வொன்றாக அசைந்து போய் முடியும் வரை, என் மகனுடைய சின்ன விமானம் ஓடுபாதையின் ஓரத்தில் விசிறி சுழல நின்றுகொண்டிருக்கும். நிமிஷத்துக்கு நானூறு ரூபாய்க்கு மேல் ஆகிறது. தரையில் இவ்வாறு நின்றபடியே பறந்த நேரத்தை அவன் ஒரு நோட்டுப் புத்தகத்தில் தனியாகக் குறித்து வைத்திருக்கிறான். மொத்தம் பதினாறு மணி. அந்தக் கணக்குக்குக் கடைசியில் வருகிறேன்.

தங்கள் விமானங்களைப் பற்றி நான் குறை சொல்வதற்கில்லை. செஸ்னா 172 என்னும் மாதிரி முதன்முதலில் பறந்தது 1955ஆம் வருஷம். என்னைவிட ஒரு வயது மூத்தது என்பதால் அதனிடம் எனக்கு மரியாதை உண்டு. விளம்பரப் புத்தகத்தில் ஏழு விமானங்கள் என்றிருந்தது, போய்ப் பார்த்தால் ஏழும் இருந்தன. ஆனால் அவற்றில் இரண்டு பறந்தன, இரண்டு நூறு மணிக்கொருமுறை செய்ய வேண்டிய சோதனைக்காகப் பிரிக்கப்பட்டுக் கிடந்தன, மற்ற மூன்றும் கொட்டகையின் இருட்டில், தேவர்களுக்கு முதுகெலும்பை ஈந்த ததீசி முனிவரைப் போல, தம் அங்கங்களை ஒவ்வொன்றாகச் சகோதர விமானங்களுக்குத் தானம் செய்துவிட்டு நிஷ்டையில் அமர்ந்திருந்தன. விமானம் கிடைத்த நாளில் ஆசிரியர் கிடைப்பதில்லை. ஆசிரியர் என்பவரும் தமக்கு வேண்டிய மணிகளைச் சேர்த்துக்கொள்வதற்காகவே கற்பிக்க வந்த இளைஞர். அவை சேர்ந்த மறுவாரமே ஏதேனும் ஒரு கம்பெனிக்குப் போய்விடுவார். விமானமும் ஆசிரியரும் ஒருங்கே வாய்த்த நாளில் மழை வரும். என் மகன் வானிலைச் சாஸ்திரத்தில் நல்ல மதிப்பெண் பெற்றுத் தேறியவனாதலால், தன்னைப் பறக்கவிடாத மேகத்தின் ஜாதி, உயரம், குணதோஷம் யாவற்றையும் விடுதி ஜன்னலிலிருந்தே பிழையின்றிச் சொல்லிவிடுவான்.

பரீட்சைகளின் கடுமையை நான் சிலாகிக்கவே செய்கிறேன். முப்பத்தைந்து வாங்கியவனைத் தேறியவன் என்று மாலையிட்டு அனுப்பிய பரம்பரை நான். வான்வழி காணும் சாஸ்திரத்திலும் ஆகாயச் சட்டத்திலும் எழுபதுக்கு ஒன்று குறைந்தாலும் தோல்வி என்று கேட்டபோது, என் பழைய மாணாக்கர்கள் ஓட்டும் டவுன் பஸ்ஸில் பயமின்றிப் போய்வந்த என் தைரியத்தை நானே வியந்துகொண்டேன். ஆனால் தேகப் பரீட்சை விஷயத்தில் தாங்கள் கையாளும் முறை என் சிற்றறிவுக்கு எட்டவில்லை. முதல் வகுப்பு மருத்துவச் சான்று இல்லாதவனுக்கு வணிக உரிமம் கிடையாது என்பது தங்களுக்குத் தெரியும். அதை முதலிலேயே வாங்கிவரச் சொன்னால், வண்ணப் புள்ளிகளுக்கிடையே மறைந்திருக்கும் எண்ணைப் படிக்க முடியாத வேறொரு பையன் பணத்தோடு வீடு திரும்பியிருப்பான். தாங்களோ இரண்டு தவணைகளை வாங்கிக்கொண்ட பிறகே அவனுக்குச் சிவப்பும் பச்சையும் பேதமின்றித் தெரியும் உண்மையை வெளிப்பட விட்டீர்கள். ரூபாய் நோட்டின் நிறம் அவனுக்குத் தெரியாவிட்டாலும் தங்களுக்குத் தெரிந்திருந்தது.

பறக்காத மணிகளைப் பறந்ததாகப் புத்தகத்தில் எழுதிக்கொள்ளும் வழக்கம் ஒன்று உண்டென்றும், விமானிகள் வட்டாரத்தில் அவற்றுக்குப் பார்க்கர் பேனா மணிகள் என்று பெயரென்றும் கேள்விப்பட்டேன். (பைலட்டுக்கும் பேனாவுக்கும் உள்ள பூர்வ சம்பந்தம் இவ்வளவு ஆழமானது என்று நான் எண்ணியதில்லை.) 2011இல் போலி மதிப்பெண் பட்டியல் காட்டி உரிமம் வாங்கியவர்கள் சிலர் கைதாகி, தேசத்துப் பயிற்சிப் பள்ளிகளின் ஏடுகளெல்லாம் தணிக்கைக்கு வந்த கதையையும் அறிவேன். தாங்கள் அந்தப் பாபத்தைச் செய்யவில்லை. பறக்காத மணிகளைத் தாங்கள் ஏட்டில் எழுதவில்லை, ரசீதில் மாத்திரமே எழுதினீர்கள்.

இவ்வாறாகப் பதினெட்டு மாதம் முப்பத்தேழு மாதமாயிற்று. விண்ணப்பிப்பதற்கு முந்தைய ஆறு மாதத்துக்குள் பதினைந்து மணியாவது தலைமை விமானியாகப் பறந்திருக்க வேண்டும் என்ற விதி இருப்பதால், தங்கள் தாமதத்தால் பழசாகிப்போன மணிகளுக்குப் பதில் புதிய மணிகளை வாங்க அவன் தாயாரின் இரட்டைவடம் போயிற்று. கடைசியில் உரிமம் வந்தது. ஊரில் பிள்ளையாருக்கு நூற்றெட்டுத் தேங்காய் உடைத்தோம். அதற்குப் பிறகே எனக்கு விளங்கிற்று, அந்த உரிமத்தைக் கொண்டு செஸ்னா ஓட்டலாமே தவிர, ஜனங்கள் ஏறும் ஏர்பஸ் 320க்கு அருகில் போக வேண்டுமானால் அதற்கென்று தனியாக ஒரு பயிற்சி வேண்டுமென்றும், அதற்கும் பல லட்சம் ஆகுமென்றும், அதையும் முடித்தவர்கள் வேலைக்குக் காத்திருக்கிறார்களென்றும்.

ஆயிரம் விமானங்கள் வரப்போகின்றன என்று தாங்கள் எழுதியது பொய்யல்ல. 2023இல் ஏர் இந்தியா 470, இண்டிகோ 500 என்று வாங்க ஏற்பாடு செய்தது உலகறிந்த சேதி. ஆனால் ஏற்பாடான விமானம் வேறு, வந்து இறங்கிய விமானம் வேறு. விமானி பஞ்சம் என்று பத்திரிகைகள் எழுதுவதும், பெரும்பாலும் இடப்புற நாற்காலியில் உட்காரும் காப்டனுக்கு உள்ள பஞ்சமே ஒழிய, 200 மணிக்காரனுக்கு உள்ளதன்று. காப்டனுக்குரிய உயர் உரிமத்துக்கு 1500 மணி வேண்டும். அந்த மணிகளைச் சம்பாதிக்க வேலை வேண்டும். நீச்சல் தெரிந்த பிறகே குளத்தில் இறங்கு என்று சொன்ன தகப்பனை நாங்கள் ஊரில் பரிகசிப்போம். போதாக்குறைக்கு, 2012இல் கிங்ஃபிஷரும், 2019 ஏப்ரலில் ஜெட் ஏர்வேஸும், 2023 மே மாதத்தில் கோ ஃபர்ஸ்ட்டும் நின்றுபோனபோது, ஆயிரக்கணக்கான மணி பறந்த அனுபவஸ்தர்கள் எத்தனையோ பேர் ஒரே நாளில் வரிசையில் வந்து நின்றார்கள். தங்கள் புத்தகத்தில் இந்த மூன்று வருஷங்களுக்கும் பக்கம் ஒதுக்கப்படவில்லை; கறுப்புக் கண்ணாடிக்கு இரண்டு பக்கம் போய்விட்டதால் இடமில்லை போலும்.

என் குமாரன் இப்போது மன்னார்குடியில் ஒரு டியூட்டோரியலில் பௌதிகம் சொல்லிக் கொடுக்கிறான். நன்றாகவே சொல்லிக் கொடுக்கிறான் என்று கேள்வி. உரிமத்தைக் காலாவதியாகாமல் காப்பதற்கு வருஷந்தோறும் தேகப் பரீட்சைக்குப் போகிறான். வாசலில் யாராவது பேர் கேட்டால், எழுத்து எழுத்தாக ஆல்ஃபா, பிராவோ என்று வானொலிப் பாஷையில் சொல்லும் பழக்கம் மட்டும் இன்னும் விடவில்லை. நானாக அவனிடம் எதையும் பிரஸ்தாபிப்பதில்லை. சாயங்காலம் திருச்சிக்குப் போகும் விமானம் தலைக்கு மேலே சென்றால் இருவருமே நிமிர்ந்து பார்ப்பதில்லை.

தங்களிடம் கேட்பது ஒன்றே. தரையில் நின்றபடி பறந்த பதினாறு மணிக்கு, மணிக்கு ஏழரைக் குழி வீதம் நூற்றிருபது குழி, அதாவது ஒரு மாவும் இருபது குழியும் ஆகிறது. பணமாகவே திருப்பித் தந்தாலும் சரி, வாங்கியவரிடமிருந்து அந்த அளவு நிலத்தை மீட்டுக்கொள்வேன். வாய்க்கால் ஓரமாகவே கேட்பதாக இருக்கிறேன். வெண்டை போடலாம் என்பது என் எண்ணம். மேகம் கூடினால் அதற்கு வேலை நிற்காது.

இங்ஙனம்,
தங்கள் நலம் நாடும்,
சிரஞ்சீவியின் தகப்பன்.

பி.கு.: ஊர் திரும்பும் அவசரத்தில் என் மகன் தன் விடுதி அறையில் ஒரு பேனாவை மறந்து வைத்துவிட்டான். பழைய பைலட் பேனா, என்னுடையது. மற்றது எப்படியானாலும் அதை மட்டும் பதிவுத் தபாலில் அனுப்பிவைக்கவும்.